புனே திரைப்படக் கல்லூரியும் ஒற்றை இருக்கையும்



சினிமாவில் நம்மை எப்படிக் காட்டுகிறார்கள் என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். காட்டும் தொழிலை யார், எங்கே, யார் செலவில் கற்கிறார்கள் என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அதனால் இன்று புனே திரைப்படக் கல்லூரியை எடுத்துக்கொள்கிறோம். ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ், நம் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம் அது.

1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கு அடுத்த ஆண்டு, கோலாப்பூரில் இருந்த பிரபாத் ஃபிலிம் கம்பெனி அதே புனேவுக்குக் குடிபெயர்ந்தது. சூத்திரக் கவியான துக்காராமைப் பார்ப்பனப் பூசாரி துன்புறுத்துவதைக் காட்டும் 'சந்த் துக்காராம்' 1936இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. 1937இல் வெனிஸ் விழாவில் அதற்குப் பாராட்டும் கிடைத்தது. அதை இயக்கிய தாம்லேயும் ஃபத்தேலாலும் சினிமாவை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பாபுராவ் பெயிண்டரின் பட்டறையில் கைத்தொழிலாகக் கற்றார்கள்.

பட்டறைக் கல்வியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உள்ளே நுழைய ஓர் அறிமுகம் வேண்டும். அந்த அறிமுகம் பெரும்பாலும் சொந்தம், சொந்த ஊர், சொந்தச் சாதி வழியாகத்தான் வருகிறது. உதவி இயக்குநராகச் சேரச் சென்னையில் அலைந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரியில் அறிமுகத்துக்குப் பதில் தேர்வு இருக்கிறது, இட ஒதுக்கீடு இருக்கிறது. நமக்கு அது முக்கியமாவது இதனால்தான்.

எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951இல் தந்த பரிந்துரைகளில் ஒன்று திரைப்படக் கல்விக்கூடம். 1960இல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் நிறுவனம் தொடங்கி, மறு ஆண்டு வகுப்புகள் ஆரம்பித்தன. தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவு 1974இல் டெல்லியிலிருந்து வந்து சேர்ந்தது. ரித்விக் கட்டக் அங்கே துணை முதல்வராக இருந்தார். அவருடைய மாணவரான ஜான் ஆபிரகாம்தான் பின்னாளில் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு கற்றதும் இங்கேதான்.

இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு ஆகியவை மூன்றாண்டுப் படிப்புகள். கலை இயக்கம், நடிப்பு, திரைக்கதை ஆகியவற்றுக்கும், தொலைக்காட்சிக்கான ஓராண்டுப் படிப்புகளுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. இயக்கத்துக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஒலிப்பதிவுக்கு மேல்நிலையில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். கல்கத்தாவின் சத்யஜித் ராய் நிறுவனத்துக்கும் சேர்த்து நடத்தப்பட்ட பொது நுழைவுத் தேர்வில் விடைகளை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடிந்தது. தமிழ்வழியில் படித்த நம் மாணவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் அது.

அதைத் தாண்டினாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு பிரிவில் பத்துப் பன்னிரண்டு இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கான 15 சதவீதம் என்பது ஒருவர், மிஞ்சினால் இருவர். வகுப்பில் தனி ஆளாக உட்கார்ந்திருப்பவர்தான் தன் தகுதியைத் தினமும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பணம். கட்டணம் ஆண்டுக்குப் 10 சதவீதம் ஏறுகிறது என்று சொல்லி, 2019 டிசம்பரில் மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வேகத்தில் ஏறினால் எட்டாண்டுக்குள் கட்டணம் இரட்டிப்பாகும். படிப்பும் குறித்த காலத்தில் முடிவதில்லை. 2008இல் சேர்ந்தவர்களின் படங்கள் 2015இலும் முடியாமல் கிடந்தன. அவற்றை அப்படியே மதிப்பிட நிர்வாகம் முனைந்தபோது எழுந்த தகராறில்தான் அந்த ஆகஸ்டில் நள்ளிரவில் போலீஸ் வந்து ஐந்து மாணவர்களைக் கைது செய்தது. மூன்றாண்டுப் படிப்பு ஏழாண்டு இழுத்தால், வசதியான வீட்டுக்கு அது சலிப்பு. கூலி வேலை செய்து அனுப்பும் வீட்டுக்கு அது வட்டி.

நிறுவனத் தலைவர் நியமனத்தை எதிர்த்து அந்த ஆண்டு 139 நாள் நடந்த வேலைநிறுத்தத்தை நாடே அறியும். அதில் பங்கெடுத்த பாயல் கபாடியா, 2021இல் கான் விழாவில் விருது பெற்ற தம் ஆவணப்படத்தைச் சாதியால் பிரிக்கப்பட்ட காதலனுக்கு ஒரு மாணவி எழுதும் கடிதங்களாக அமைத்தார். ரோஹித் வெமுலாவுக்காக எழுந்த போராட்டமும் அதில் வருகிறது. வளாகத்துக்குள்ளிருந்து சாதியைப் பற்றி ஒரு குரல் வந்தது நல்லதே. ஆனால் அந்த இன்னொருவர், கடிதம் சென்று சேர வேண்டியவர், படத்தில் பேசவில்லை. அவர் தன் படத்தை எடுக்க வேண்டும் என்பதே நம் கவலை.

'தகுதி' பற்றியும் ஒரு சொல். நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பல பிரிவுகளில் இடமில்லை என்று நிறுவனம் நெடுங்காலம் விதி வைத்திருந்தது. படத்தொகுப்பில் இடம் மறுக்கப்பட்ட ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாப் பிரிவுகளிலும் அவர்களைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. விதி விழ ஏழாண்டு ஆனது.

ஒவ்வொரு பிரிவிலும் ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை நிரம்பின, எத்தனை காலியாக விடப்பட்டன, சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர் எத்தனை பேர்: இம்மூன்றையும் ஆண்டுவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். மனு எழுத உதவி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் எங்களைப் பார்க்கலாம்.