கேபினட்டுக்குள் கிடக்கும் குப்பை என்ன சொல்கிறது?

உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்க மூடியைத் திறந்து பார்த்து எத்தனை நாளாகிறது? வாங்கிய நாளிலிருந்து திறக்கவே இல்லை என்பவர்கள்தான் அதிகம் இருப்பீர்கள். திறந்து பார்ப்பவர்களும் உள்ளே கிடக்கும் தூசி, துணுக்குகளைக் கண்டதும் ப்ளோயரை எடுத்து 'புஸ்' என்று ஊதிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சிஸ்டத்தின் எந்தப் பாகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தக் குப்பைதான் சாட்சி.

இதை நான் கற்றுக்கொண்டது என் சித்தப்பாவிடம். பூம்புகாரில் படகு இன்ஜின்களும் பழைய அம்பாசடர் கார்களும் ரிப்பேர் செய்பவர் அவர். இன்ஜின் ஆயிலை வடித்ததும் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருப்பதை வெள்ளைத் துணியில் தட்டுவார். பிறகு பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அருகில் கொண்டுபோவார். ஒட்டினால் இரும்பு: பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரோ, பல்சக்கரமோ தேய்கிறது. ஒட்டாமல் வெள்ளி போல மின்னினால் அலுமினியம்: பெரும்பாலும் பிஸ்டன். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங். தொட்டதும் நொறுங்கும் கறுப்புத் துகள் என்றால் கருகிய ஆயில். ஆயிலே மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதையே கருவிகள் வைத்துச் செய்கிறார்கள் ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்களில். பூம்புகார் கடலுக்கடியில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலின் காலத்தைக் காட்டிக்கொடுத்ததும் சிதறிக் கிடந்த சரக்குதான். அங்கே எடுத்த ஈயக் கட்டிகளில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். சித்தப்பா 2007-ல் வாங்கிய டெஸ்க்டாப், பட்டறைக் கணக்குக்காக இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் அதற்குப் புது வியாதி. ஆன் செய்து பத்து நிமிடத்தில் அப்படியே நின்றுவிடும். சில சமயம் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். கடையில் காட்டியபோது, "மதர்போர்டு போச்சு, மொத்தமா மாத்திடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யார் எந்தப் படகுக்கு எவ்வளவு பாக்கி என்ற பல வருடக் கணக்கும், தங்கையின் கல்யாண போட்டோக்களும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. இன்னொரு காப்பி எங்கும் இல்லை.

விடுமுறைக்குப் போயிருந்த நான் மூடியைத் திறந்தேன். "தம்பி, ஊதிப்புடாதே. முதல்ல என்ன கெடக்குன்னு பார்க்கணும்" என்றார் சித்தப்பா. அடியில் கிடந்ததையெல்லாம் பிரஷ்ஷால் வெள்ளைத்தாளில் கூட்டி, வேறு மேஜைக்கு எடுத்துப் போனோம். இதைக் கவனியுங்கள்: காந்தத்தை கேபினட் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது.

காந்தத்தில் முதலில் ஒட்டியது செம்பழுப்புச் செதில்கள். கேபினட் தகட்டின் துரு. கடலோர வீடுகளில் காற்றோடு உப்பும் வந்து படியும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு, மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதுபோல, ஈரத்தை இழுத்துக் கசியும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது தெரிந்ததுதானே. செம்புப் பாகங்களில் பச்சை நிறம் தெரிந்தால், அது செப்புக் குடத்தில் பிடிக்கிற அதே களிம்பு. செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் வாங்கப் போகிறவர்கள் மூடியைத் திறக்கச் சொல்லி இந்தத் துருவையும் களிம்பையும் கட்டாயம் தேடுங்கள். வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், கடற்கரையில் வாழ்ந்த கம்ப்யூட்டர் இதை மறைக்க முடியாது.

அடுத்து வெள்ளை ஓட்டுத் துண்டுகள். பல்லி முட்டை! கதகதப்பான இடம் தேடி பல்லி உள்ளே வருவது நம் ஊரில் சகஜம். முட்டையோடு நின்றால் பரவாயில்லை. அதன் எச்சம் ஈரத்தோடு சேர்ந்து போர்டை அரிக்கும். பின்பக்க ஓட்டையில் களிமண் உருண்டை இருந்தால் அது குளவிக்கூடு; காற்று போகும் வழி அடைபடும். பூச்சி என்றதும் ஒரு செய்தி: 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டரின் ரிலேயில் சிக்கிய ஒரு விட்டில் பூச்சியை, தூக்கி எறியாமல் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தார்கள். 'பக்' என்ற சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது என்பது வேறு விஷயம்.

பிராசஸருக்கு மேலே உள்ள ஹீட் சிங்க்கில் கம்பளி போலத் தூசி அப்பியிருந்தது. கூடவே நெல் அறுவடை நாட்களில் பறக்கும் சுணை. பக்கத்தில் சாம்பல் நிறப் பொருக்கு ஒன்று. காந்தத்தில் ஒட்டவில்லை, விரலில் பொடியானது. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்த வேண்டியது இதுதான். பத்து நிமிடத்தில் நிற்பதற்கு இதுவே காரணம் என்று எனக்கும் தோன்றியது. தூசியை எடுத்து, புது பேஸ்ட் போட்டு, ஆன் செய்ததும் டெலீட் கீயை அழுத்தி பயாஸ் திரைக்குப் போனேன். (சில போர்டுகளில் எஃப்2 கீ.) அங்கே பிராசஸரின் சூடு எவ்வளவு என்று காட்டும். சூடு அளவாகத்தான் இருந்தது. ஆனாலும் பத்து நிமிடத்தில் திரை உறைந்தது. பயாஸிலேயே நிற்கிறது என்றால் விண்டோஸ் மீதோ வைரஸ் மீதோ பழி போட முடியாது.

மீதி இருந்த சாட்சி, பிராசஸரை ஒட்டி நிற்கும் கெபாசிட்டர்களின் தலையில் இருந்த பழுப்புப் படிவு. சின்ன டப்பா போல இருக்கும் இவற்றின் மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். அங்கே மூன்று கெபாசிட்டர்கள் பூரி போல உப்பி, ஒன்று கசிந்தும் இருந்தது. அடிப்பக்கம் தெரியும் மஞ்சள் பசையைக் கண்டு பயப்பட வேண்டாம்; அது தொழிற்சாலையில் போட்டதாக இருக்கலாம். தலையைத்தான் பார்க்க வேண்டும். 1999 முதல் 2007 வரை உலகம் முழுவதும் தரமற்ற கெபாசிட்டர்கள் லட்சக்கணக்கான போர்டுகளைக் கெடுத்தன. இந்த வகைப் பழுதுக்காக டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது.

சீர்காழியில் ஒரு டிவி மெக்கானிக் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது அடுத்த அளவு, 105 டிகிரி தாங்கும் 'லோ ஈஎஸ்ஆர்' வகை என்று கேட்டு வாங்க வேண்டும். சாதா கெபாசிட்டர் இங்கே நிலைக்காது. சிஸ்டம் இப்போது ஓடுகிறது.

ஆனால் இந்தச் சோதனைகளை ஆரம்பிப்பதற்கு முன்பே நான் செய்த வேலை, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி-சாட்டா அடாப்டர் வழியாக என் லேப்டாப்பில் காப்பி எடுத்தது. டெஸ்க்டாப் டிஸ்க்குக்குத் தனி பவர் வேண்டும். அது சேர்ந்து வரும் அடாப்டராக வாங்குங்கள். "அதையும் தொறந்து பார்த்துடலாமா?" என்று சித்தப்பா கேட்டார். "வேண்டவே வேண்டாம் சித்தப்பா" என்றேன். உள்ளே சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். நம் வீட்டுத் தூசி ஒன்று விழுந்தாலும் டேட்டா போய்விடும். அதற்குள்ளும் ஆயில் ஃபில்டர் போல ஒரு குட்டி ஃபில்டர் இருப்பதைச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். தட்டு உரசிப் போன டிஸ்க்கை டேட்டா ரெகவரி நிபுணர்கள் தூசியில்லா அறையில் திறக்கும்போது, அந்த ஃபில்டர் கறுத்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

நாம் டிஸ்க்கைத் திறக்காமலே பரிசோதிக்க 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் போதும். நிலைமையை 'குட்', 'காஷன்', 'பேட்' என்று காட்டும். 'குட்' தவிர வேறு எது வந்தாலும், அல்லது டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தம் கேட்டாலும், அன்றைக்கே காப்பி எடுங்கள்.

கேபினட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதற்குள் பல்லி புகுந்திருந்தால் மெக்கானிக்கே எடுக்கட்டும். பின்பக்கம் கார்டு இல்லாத ஓட்டைகளுக்கு, தகடு கிடைக்கிறது. வாங்கி மூடிவிடுங்கள்.