மகரக்கட்டு

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணனை நாம் சினிமா வழியாகவே அறிவோம். அவரை வார்த்தெடுத்தது சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனி என்னும் நாடகக் குழு. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய பால ஷண்முகானந்த சபாவில் நடித்தவர் அவர்.

இத்தகைய கம்பெனிகளில் அல்லி, பவளக்கொடி, நல்லதங்காள் என்று கதைநாயகிகளாக நடித்ததும் சிறுவர்கள்தான். ஊர்ப்புறங்களில் பாடிப் பாடி வளர்ந்த கதைகளைச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடைக்கு எழுதினார். பால்மணம் மாறாத பிள்ளைகள் சேலை கட்டி ராணியானார்கள். மைக் கிடையாது. கடைசி வரிசைவரை பாட்டு போய்ச் சேர வேண்டும். சிறுவனின் குரல்நாண் பேசும்போதே நொடிக்கு ஏறத்தாழ 250 முறை அதிர்கிறது. மேல்ஸ்தாயி ஒலியைத் தாழ்ந்த ஒலியைவிட நம் காது எளிதில் பிடித்துக்கொள்ளும். கொட்டகையை ஆண்டது அந்தப் பிஞ்சுத் தொண்டைதான்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்மைச் சுரப்பு பெருகும். குரல்வளை முன்தள்ளி வளரும். நாண்கள் நீண்டு தடிக்கும். ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கீழ்ஸ்வரத்துக்காக அதிரும் உலோக நாக்கு நீளமாக இருக்கும். அதே கணக்குதான் இங்கும்: அதிர்வு பாதியாகக் குறைந்து, குரல் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். பையன் பாட்டை மறக்கவில்லை. பழைய சிறு நாணுக்குப் பழகிய மூளை அதே அளவில் தசையை இழுக்கிறது, நாணோ புதியது. சுருதி வழுக்கிக் கீச்சிடுகிறது. இதைத்தான் நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். நேற்றுவரை ராணியாக இருந்த பிள்ளைக்கு வேஷம் கைநழுவும். வளர்ந்ததைத் தவிர அவன் செய்த பிழை ஒன்றுமில்லை. நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே.சண்முகமும் அந்த வயதைத் தாண்டியவரே. சிறுவனாக இருந்த அவருக்காகத்தான் சுவாமிகள் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதினார். வியாசரின் பாரதத்தில் இல்லாத, மக்கள் புனைந்துகொண்ட காதல் கதை அது. பின்னாளில் முழு ஆணாக வளர்ந்த சண்முகம் ஏற்றது ஔவையார் என்னும் கிழவியின் வேடம். முதுமையில் பெண்ணின் நாண் தடித்துக் குரல் தணிகிறது. ஆணின் நாண் மெலிந்து குரல் சற்றே ஏறுகிறது. இளமையில் ஒரு ஸ்தாயி விலகிப்போன இருவரும் கிழப்பருவத்தில் நெருங்கி வருகிறார்கள். மகரக்கட்டு பறித்துப்போன பெண்குரலைச் சண்முகம் ஒரு கிழவியிடமிருந்து திரும்பப் பெற்றார். அன்றிலிருந்து அவர் பெயரே ‘ஔவை’ சண்முகம்.