கிணற்று நீரே ஏற்றும் விளக்கு

தீவகத்துக் காணிகளுக்குத் திரும்பும் குடும்பங்கள் எம்மிடம் முதலில் கேட்பது கிணற்றைப் பற்றித்தான். 1990, 1991 காலப்பகுதியில் விட்டுவந்த கிணறு தூர்ந்து கிடக்கிறது. இறைத்தால் வருவது நன்னீரா, உவரா? நாக்கில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் உவர் மெல்ல மெல்ல ஏறும்போது நாக்கும் அதற்குப் பழகிப்போகும்; மிளகாய்க் கன்று கருகிய பின்னரே விளங்கும்.

எமது தீவுகளில் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் ஊடாக இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதை மறுபுறமாகவும் வாசிக்க வேண்டும். இயந்திரம் பூட்டி நீர்மட்டத்தை 1 அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், உவர் 40 அடி மேலே வரப் பார்க்கும். துலாவால் இறைத்த காலத்தில் இந்தப் பயம் குறைவு.

உவரை அளக்கும் கருவிகளுக்குப் பற்றரி வேண்டும். ஆனால் நீரே மின்னைத் தந்து, ஒளியால் பதில் சொல்லும் முறையும் உண்டு. ஒரு நாகத் தகட்டையும் ஒரு செப்புத் தகட்டையும் முட்டாமல் நீரில் நிறுத்தினால் அது மின்கலமாகிவிடும். 1800 இல் இத்தாலியரான வோல்ற்றா இவ்வழியிலேயே முதல் மின்கல அடுக்கைச் செய்தார். நாகம் கரைந்து மின்னைத் தருகின்றது. இப்படியான ஒரு கலம் 1 வோல்ற்றை எட்டுவது அரிது; சிவப்பு எல்.ஈ.டி. குமிழுக்கோ சுமார் 1.8 வோல்ற்று தேவை. ஆகவே நான்கு கிண்ணங்களைத் தொடராக இணைக்க வேண்டும். மழைநீரில் குமிழ் ஒளிராது, அல்லது மிக மங்கலாயிருக்கும். உப்புக் கூடக்கூட மின் இலகுவாக ஓடி, ஒளியும் கூடும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2012 இல் இதே வழியில் மடித்த கடதாசிக் கருவியொன்றைச் செய்தனர். குளுக்கோசு இருந்தால், கடதாசியிலுள்ள மின்கலத்தின் வலுவால் நீலச் சாயம் நிறமிழக்கும். நோயாளருக்கு அது, எமக்குக் கிண்ணங்கள் போதும்.

தகட்டின் அளவு, இடைவெளி, நீரின் ஆழம் மாறக்கூடாது. தகடுகளை ஒவ்வொரு முறையும் மண்கடதாசியால் உரசுங்கள். முந்திய ஒளியைக் கண் நினைவில் வைக்காது. அதனால் ஒரே மாதிரி இரண்டு தொகுதி செய்யுங்கள். ஒன்றில் இறைக்கமுன் அள்ளிய நீர், மற்றதில் ஒரு மணிநேரம் இறைத்தபின் அள்ளிய நீர். இரண்டையும் நிழலில் அருகருகே வைத்துப் பாருங்கள். பிந்தியது பிரகாசமென்றால் அன்று இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள்.

குமிழ் உப்பையும் உரத்தால் வரும் நைத்திரேற்றையும் பிரித்துக் காட்டாது. கிருமியைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. குடிக்கும் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும்.