இரும்புக்கு மணி கட்டியவர்கள்!

குட்டீஸ், ஓமலூருக்குத் தெற்கே உள்ள கஞ்சமலை இரும்புத் தாதுக்குப் பெயர் பெற்றது. நம் உடம்பிலும் இரும்பு உண்டு! பெரியவர்களுக்கு 3 முதல் 4 கிராம். அதில் பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களில் இருக்கிறது.

இரும்பு குறைந்தால் ரத்தசோகை வரும். படி ஏறினாலே மூச்சு வாங்கும். மாத்திரை போதாதவர்களுக்கு ரத்தக் குழாய் வழியே இரும்புச் சத்து மருந்து ஏற்றுவார்கள். ஏற்றிய இரும்பு ரத்தத்தில் சேருகிறதா, கல்லீரலிலேயே தங்கிவிடுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மேயும் ஆட்டுக்கு மணி கட்டினால், ஓசையை வைத்தே இடம் தெரியும் அல்லவா? சுவீடனின் உப்சாலா நகர ஆய்வாளர்களும் இரும்புக்கு 'மணி' கட்டினார்கள். அந்த மணிதான் கதிரியக்கம்!

கதிர் வீசும் இரும்பு-52, இரும்பு-59 இரண்டையும் மிகச் சிறிதளவு மருந்தில் சேர்த்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். சில நிமிடங்களிலேயே அது கல்லீரலுக்கும், சிவப்பணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போனதை ஸ்கேன் காட்டியது. பிறகு 4 வாரம் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏற்றிய இரும்பில் பாதிக்கு மேல் சிவப்பணுக்களில் இருந்தது! 1999-ல் இந்த முடிவு வெளியானது.

பயம் வேண்டாம், ஆஸ்பத்திரியில் வழக்கமாக ஏற்றும் மருந்தில் கதிரியக்கம் கிடையாது. பள்ளியில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை இனி ஒளித்து வைக்காதீர்கள், சரியா?