ரோஸ்ஸியும் ரப்பரும்

புனேயிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் சாக்கண் தொழிற்பேட்டையை அடையலாம். பஜாஜ் பல்சரும், கேடிஎம் நிறுவனத்தின் ட்யூக், ஆர்சி வகை மோட்டார் சைக்கிள்களும் இங்குதான் உருவாகின்றன. பிரிட்ஜ்ஸ்டோனின் கார் டயர் ஆலையும் இங்கேயே உள்ளது. இயந்திரமும் டயரும் இப்படி அண்டை வீட்டாராக இருந்தும், இருசக்கர வாகனக் கடன் கேட்டு வருவோர் எஞ்சின் எத்தனை சிசி என்பதை மட்டுமே ஆர்வத்துடன் சொல்கின்றனர். டயரைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

பந்தயக் களத்தில் நிலைமை நேர்மாறானது. இத்தாலிய வீரர் வாலண்டினோ ரோஸ்ஸியின் பிற்கால வாழ்வைப் பார்த்தாலே இது விளங்கும்.

உலகின் முதன்மை மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரில் 2001 முதல் 2005 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டம் வென்றவர் அவர். அந்நாளில் மிஷலின் நிறுவனம் ஐரோப்பியப் பந்தயங்களுக்கு ஓர் அரிய சேவையைச் செய்துவந்தது. சனிக்கிழமைப் பயிற்சியில் கண்ட குறைகளுக்கேற்ப, பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான் ஆலையில் இரவோடிரவாகப் புதிய டயர் வார்த்து, ஞாயிறு காலையில் களத்தில் சேர்த்துவிடும். 2007இல் புதிய விதி வந்தது. ஒவ்வொரு வீரரும் பயன்படுத்தவிருக்கும் 31 டயர்களையும் முன்கூட்டியே தேர்ந்து குறித்துவிட வேண்டும். இரவுச் சமையல் நின்றது. அவ்வாண்டு பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் டுகாட்டி வண்டியை ஓட்டிய 21 வயது கேசி ஸ்டோனர் பட்டத்தை வென்றார்; ரோஸ்ஸிக்கு மூன்றாமிடம். 28 வயதிலேயே அவர் காலம் முடிந்தது எனப் பலர் எழுதினர்.

ரோஸ்ஸி வண்டியை மாற்றவில்லை, டயரை மாற்றினார். 2008இல் யமஹா அணியில் அவருக்கு மட்டும் பிரிட்ஜ்ஸ்டோன். சக வீரர் ஹோர்ஹே லொரென்சோவுக்கு மிஷலின். டயர் நிறுவனங்களின் இரகசியம் கசியாதிருக்க, ஒரே அணியின் கொட்டகைக்கு நடுவே சுவர் எழுப்பப்பட்டது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் ரோஸ்ஸியே உலகச் சாம்பியன். 2009இல் அனைவருக்கும் ஒரே டயர் என்றான பின்பும் அந்தச் சுவர் இடிக்கப்படவில்லை என்பது வேறு கதை. அதற்குக் காரணம் ரப்பர் அல்ல!

அடுத்து இயந்திரம் அவரைச் சோதித்தது. 2011, 2012 ஆகிய இரு ஆண்டுகள் டுகாட்டியில் ஓட்டினார். ஒரு வெற்றியும் இல்லை. முன் சக்கரம் தரையைப் பற்றியிருக்கிறதா, நழுவப் போகிறதா என்பதை வீரர் கைப்பிடி வழியே உணர்கிறார். அவ்வுணர்வு அவருக்குக் கிட்டவேயில்லை. கார்பன் இழைச் சட்டகத்தைக் கைவிட்டு அலுமினியச் சட்டகம் பொருத்திப் பார்த்தும் பயனில்லை. முப்பதைக் கடந்த வீரருக்கு இரண்டு ஆண்டுகள் சிறிய இழப்பல்ல.

யமஹாவுக்குத் திரும்பியவர், 2015இல் தமது 36ஆம் வயதில் வெறும் 5 புள்ளிகளில் பட்டத்தை இழந்தார். 2016இல் பிரிட்ஜ்ஸ்டோன் விலகி மிஷலின் மீண்டும் வந்தது. சக்கர அளவும் 16.5 அங்குலத்திலிருந்து 17 ஆயிற்று. மூத்தவர் தடுமாறுவார் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். அவ்வாண்டும் அவருக்கு இரண்டாமிடம். 2017இல் யமஹா அளித்த புதிய சட்டகத்துடன் நெதர்லாந்தின் அசென் களத்தில் வென்றார். அப்போது வயது 38. அதுவே அவரது கடைசி வெற்றி.

வயதும் தன் பங்கைக் கேட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பிந்தைய ஆண்டுகளில் அவர் ஓயாது முறையிட்டது பின் டயரின் பிடிப்பைப் பற்றியே. 2020இல் அந்த டயரின் கட்டமைப்பும் மாறியது. ஒரு டயருக்கென உடல் கற்றுக்கொண்ட சாய்வையும் பிரேக் பிடிக்கும் பழக்கத்தையும் நாற்பது வயதில் மறந்து புதிதாகக் கற்பது எளிதன்று. இருபது வயது இளைஞருக்கு மறப்பதற்கு ஒன்றுமில்லை. 2021 நவம்பரில் வலென்சியாவில் பத்தாமிடத்தில் முடித்து, 42 வயதில் அவர் விடைபெற்றார்.

நம் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: உங்கள் வண்டியின் டயர் ஓரத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3522 என்றிருந்தால், 2022ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் உருவானது எனப் பொருள். பழைய வண்டி வாங்குமுன் எஞ்சின் ஒலியைக் கேட்கும் நாம், ரப்பரின் வயதையும் பார்த்துவிடலாம்.

2023 செப்டம்பர் 24 அன்று கிரேட்டர் நொய்டாவின் புத் களத்தில் மோட்டோ ஜிபி பந்தயம் முதன்முறையாக இந்தியாவில் நடைபெற்றது. வெப்பம் காரணமாக 24 சுற்றுகள் 21ஆகக் குறைக்கப்பட்டன. வென்றவர் மார்கோ பெஸ்ஸெக்கி, அப்போது ரோஸ்ஸி நடத்தும் அணியின் வீரராக இருந்தவர். அவர் ஓட்டியது முந்தைய ஆண்டின் டுகாட்டி.