பதினெட்டு வயதுக்குள் கழுகு!

அமெரிக்கச் சாரணச் சிறுவர்கள் பட்டம் பெறுவது எப்படி?

துணியில் ஒரு பட்டை. தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்காகத் தொங்குகிறது. அதில் வட்ட வட்டமாகச் சின்னங்கள். ஒன்றில் கூடாரம். ஒன்றில் சமையல் பாத்திரம். இன்னொன்றில் பச்சை நிறச் சிலுவை.

அமெரிக்காவில் சாரணர் விழாக்களில் இந்தப் பட்டையைப் பார்க்கலாம். பார்ப்பவர்களின் கண் முதலில் அந்த வட்டங்களை எண்ணும். 21 இருக்கிறதா?

21 சின்னங்கள் சேர்ந்துவிட்டால், பையன் "கழுகு" ஆவதற்குப் பக்கத்தில் வந்துவிட்டான் என்று அர்த்தம். கழுகுதான் சாரணர் படையின் உச்சிப் பட்டம். சந்திரனில் முதன்முதலாகக் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், சிறு வயதில் கழுகுச் சாரணர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெரால்டு போர்டும் அப்படியே.

இந்தப் பட்டத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அப்பா பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார் என்பதற்காகவும் கிடைக்காது. அதே சமயம், பெரியவர் ஒருவருக்குப் பையனைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தடுக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் அணை கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏழு படிகள்

சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் பேடன் பவல் என்ற ஆங்கிலேயத் தளபதி. 1907-ல் பிரவுன்சீ என்ற தீவில் சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். 1910-ல் அது அமெரிக்காவுக்குப் போயிற்று. நம் பள்ளிக்கூடங்களில் காணும் சாரணர் படைக்கும் மூலம் அதுவே. படிகளின் பெயர்கள்தான் வேறு. அமெரிக்கப் படைகளில் 2019 முதல் பெண் பிள்ளைகளும் சேர்கிறார்கள்.

படிகள் ஏழு. முதல் படியின் பெயரே "சாரணர்". அடுத்தது "டெண்டர்பூட்". பழகாத பிஞ்சுக் கால் என்று பொருள். பிறகு இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, நட்சத்திரம், லைப், கடைசியில் கழுகு.

முதல் நான்கு படிகளும் காட்டில் பிழைக்கக் கற்றுக் கொடுப்பவை. கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு 5 மைல் நடக்க வேண்டும். நீந்த வேண்டும். ரத்தம் கொட்டினால் என்ன செய்வது, மூச்சு நின்றால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டெண்டர்பூட் படியில் ஒரு வேடிக்கை. பையன் எத்தனை தண்டால் எடுக்கிறான், ஒரு மைல் தூரத்தை எத்தனை நிமிஷத்தில் கடக்கிறான் என்றெல்லாம் குறித்துக் கொள்கிறார்கள். 30 நாள் பயிற்சி. மறுபடி சோதனை. எண்ணிக்கை கூடியிருந்தால் போதும்! இத்தனை தண்டால் எடுக்க வேண்டும் என்ற கணக்குக் கிடையாது. இரண்டு தண்டால் எடுத்தவன் நான்கு எடுத்தாலும் தேறிவிடுவான். நோஞ்சான் பிள்ளையும் தலை நிமிர்ந்து நிற்க வழி செய்த புத்திசாலி யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

முடிச்சைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. இன்னொருவனுக்குக் கற்றுக் கொடுத்துக் காட்ட வேண்டும். அதுவும் தேர்வில் ஒரு பகுதி.

கத்தி, கோடரி எடுக்க வேண்டுமானால் தனியாக ஓர் அட்டை வாங்க வேண்டும். பல படைகளில் ஒரு வழக்கம் உண்டு. கத்தியை அஜாக்கிரதையாகக் கையாண்டால் அந்த அட்டையின் ஒரு மூலையை வெட்டிவிடுவார்கள். நான்கு மூலையும் போயிற்றா? கத்தி போயிற்று! மறுபடி முதலிலிருந்து பழகி வரவேண்டும்.

பையனே கேட்க வேண்டும்

நட்சத்திரப் படியிலிருந்து "மெரிட் பாட்ஜ்" எனப்படும் தகுதிச் சின்னங்கள் கணக்கில் வருகின்றன. நட்சத்திரத்துக்கு 6. லைப் படிக்கு மொத்தம் 11. கழுகுக்கு 21.

இன்று 130-க்கும் அதிகமான சின்னங்கள் இருக்கின்றன. 1911-ம் ஆண்டுப் பட்டியலில் தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, கொல்லு வேலை எல்லாம் இருந்தன. "கண்டுபிடிப்பு" என்று ஒரு சின்னம்கூட இருந்தது. புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்து, அரசாங்கத்திடம் காப்புரிமையும் வாங்கி வரவேண்டுமாம்! அது நெடுநாள் நிற்கவில்லை. இப்போது எந்திர மனிதன், அணு விஞ்ஞானம் என்று காலத்துக்கு ஏற்றவை வந்திருக்கின்றன.

ஆனால் பிடித்ததை மட்டும் பொறுக்கிக் கொள்ள முடியாது. 21-ல் பாதிக்கு மேல் கட்டாயம். முதலுதவி, முகாம், சமையல், பணத்தைக் கையாளுதல், குடும்ப வாழ்க்கை போன்றவை கட்டாயப் பட்டியலைச் சேர்ந்தவை.

ஒரு சின்னம் பெறுவது எப்படி? பையன் முதலில் சாரண ஆசிரியரிடம் பேச வேண்டும். இவர் சம்பளம் வாங்காமல் படையை நடத்தும் தொண்டர். அவர் ஒரு நீல அட்டையில் கையெழுத்துப் போடுவார். இன்று பல இடங்களில் இதைக் கணினியிலேயே செய்துவிடுகிறார்கள். பிறகு அந்தத் துறை தெரிந்த ஒரு பெரியவரைப் பையன் தேடிப் போக வேண்டும். அவர் பரீட்சகர். முதலுதவிக்கு ஒரு டாக்டராக இருக்கலாம். பணக் கணக்குக்கு ஒரு பாங்க் அதிகாரியாக இருக்கலாம். யாரானாலும் இயக்கத்தின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும்.

பையனும் பரீட்சகரும் தனியாகச் சந்திக்கக் கூடாது. கூட ஒரு நண்பனோ பெற்றோரோ இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக வைத்த விதி இது.

முன்பின் தெரியாத பெரியவருக்கு டெலிபோன் செய்து, "ஐயா, நான் இந்தச் சின்னத்துக்குத் தயாராக விரும்புகிறேன்" என்று சொல்ல 12 வயதுப் பையனுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்! அம்மாவே பேசிவிட்டால் காரியம் சுலபம். ஆனால் பையனே பேச வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். முடிச்சுப் போடுவதைவிட இது கஷ்டம் என்று சொல்லும் பிள்ளைகள் இருந்தால் ஆச்சரியமில்லை.

கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது

ஒவ்வொரு சின்னத்துக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். "செய்து காட்டு" என்று இருந்தால் செய்தே காட்ட வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. "சொல்" என்று இருந்தால் சொன்னால் போதும். எழுதிக் கொண்டு வா என்று பரீட்சகர் கேட்க முடியாது. அச்சடித்ததற்கு மேல் ஒன்று கூட்ட அவருக்கு உரிமை இல்லை. ஒன்று குறைக்கவும் உரிமை இல்லை.

இருந்தும் குறை இல்லாமல் இல்லை. கோடை முகாம்களில் ஒரு கூட்டத்தையே உட்கார வைத்துப் பாடம் நடத்தி, எல்லோருக்கும் சின்னம் கொடுத்துவிடுகிறார்கள் என்ற புகார் உண்டு. கூட்டமாகக் கற்கலாம், ஆனால் ஒவ்வொருவனும் தனித்தனியே தேற வேண்டும் என்பதுதான் விதி. அதை மறந்தால் பட்டையில் இருப்பது வெறும் நூல் வேலைதான்.

காலம் காத்திருக்காது

பிள்ளைகள் இடறி விழுவது பெரும்பாலும் அறிவில் அல்ல; நாள் கணக்கில்!

கழுகுக்கான வேலைகள் எல்லாம் 18-வது பிறந்த நாளுக்குள் முடிய வேண்டும். முதல் வகுப்பில் 4 மாதம் இருந்தால்தான் நட்சத்திரம். நட்சத்திரத்தில் 6 மாதம் இருந்தால்தான் லைப். லைப்பில் 6 மாதம் இருந்தால்தான் கழுகு. கூட்டிப் பாருங்கள். 16 மாதம். ஆகவே 16 வயது 8 மாதத்துக்குள் முதல் வகுப்பை எட்டாதவனுக்குக் கதவு மூடிவிடும்.

சின்னங்களிலும் இதே கதைதான். குடும்ப வாழ்க்கைச் சின்னத்துக்கு வீட்டு வேலைகளில் குறைந்தது ஐந்தை எடுத்துக்கொண்டு 90 நாள் செய்து குறிப்பு எழுத வேண்டும். பாத்திரம் துலக்கலாம், குப்பை கொட்டலாம். பணச் சின்னத்துக்கு 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும். முகாம் சின்னத்துக்கு 20 இரவுகள் வெளியில் தங்க வேண்டும். பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது விழித்துக் கொண்டவன் என்ன செய்வான்? 90 நாளை 60 நாளில் அடைக்க அவன் அப்பாவாலும் முடியாது!

பையன் கையில் இல்லாத காரணத்தால் தடைப்பட்டிருந்தால் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம். நிரந்தரமான ஊனமுள்ள பிள்ளைகளுக்கு, உரிய அனுமதியுடன் மாற்று வேலைகள் உண்டு. 18 வயதுக்குப் பிறகும் தொடரலாம். சோம்பேறித்தனத்துக்கு மட்டும் சலுகை கிடையாது.

தொண்டு

1965 முதல் கழுகுக்கு இன்னொரு கட்டாயமும் சேர்ந்தது. பள்ளிக்கூடம், கோயில், ஊர் இவற்றில் ஒன்றுக்குப் பயன்படும் ஒரு வேலையைப் பையன் தானே திட்டமிட்டு நடத்தி முடிக்க வேண்டும். பூங்காவுக்குப் பெஞ்சு செய்யலாம். பாதை போடலாம். எத்தனை மணி நேரம் என்று கணக்கில்லை. பையன் தனியாகச் சுத்தியல் அடித்தால் போதாது. மற்றவர்களைச் சேர்த்து வேலை வாங்கத் தெரிய வேண்டும். 17 வயதுப் பையன், தன்னைவிடப் பெரியவர்களிடமும் "நீங்கள் இந்தப் பலகையைப் பிடியுங்கள்" என்று சொல்லியாக வேண்டும்.

கடைசியில் ஒரு சபை. மூன்று முதல் ஆறு பெரியவர்கள் உட்காருவார்கள். சாரண ஆசிரியர் அதில் அங்கம் இல்லை. பெற்றோருக்கும் இடம் இல்லை. முடிச்சுப் போடச் சொல்லி மறுபடி பரீட்சை வைப்பதில்லை. என்ன கற்றாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று பேசுவார்கள். தீர்ப்பு ஒருமனதாக இருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பையன் மேலிடத்துக்கு அப்பீல் செய்யலாம்.

இப்படி முதன்முதல் தேறியவர் ஆர்தர் எல்ட்ரெட். நியூயார்க் மாநிலத்துப் பையன். 1912-ல் 17-வது வயதில் 21 சின்னங்களுடன் முதல் கழுகு ஆனார். நீரில் மூழ்கிய சக சாரணனைக் காப்பாற்றியதற்கும் அதே காலத்தில் பதக்கம் பெற்றார்.

இன்று கழுகுப் பதக்கம் அணிவிக்கும் விழாவில் பெற்றோருக்கும் சிறிய ஊசிச் சின்னங்கள் உண்டு. தாயின் உடையில் பையனே அதைக் குத்துவது வழக்கம். இன்னோர் ஊசியும் அவனிடம் இருக்கும். தனக்கு வழிகாட்டிய ஒருவருக்கு அவன் அதைக் கொடுக்கலாம். சில சமயம் அது, என்றோ ஒரு நாள் அவன் தயங்கித் தயங்கி டெலிபோனில் பேசிய பரீட்சகருக்குப் போய்ச் சேருகிறது.