இரண்டு அவைகளுக்கு நடுவே மூழ்கிய கப்பல்

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: கப்பலில் சரக்கை எவ்வாறு ஏற்ற வேண்டும், எவ்வாறு அடுக்க வேண்டும், பயணம் முழுவதும் எவ்வாறு பேண வேண்டும் என்று கூறும் மசோதா 2025 மார்ச் 28-ம் தேதி மக்களவையில் நிறைவேறியது. அதே மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது ஆகஸ்ட் 6-ம் தேதி. இவ்விரு தேதிகளுக்கும் இடையே, மே 25-ம் தேதி காலையில், கொச்சிக்கு அப்பால் 640-க்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களுடன் ஒரு கப்பல் மூழ்கியது.

மசோதாவின் சாரம் மார்ச்சில் இருந்தபடியே ஆகஸ்டிலும் இருந்தது.

கடல்வழி சரக்குப் போக்குவரத்து மசோதா மாநிலங்களவைக்கு வந்த அன்று, பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் குறித்து விவாதிக்கக் கோரி எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக் கொண்டிருந்தன. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. அதே நாளில் மக்களவையில் வணிகக் கப்பல் போக்குவரத்து மசோதாவும் அமளிக்கிடையே நிறைவேறியது. பத்திரிகையாளர் மாடத்திலும் அன்று அனைவரது கவனமும் பிகார் மீதே இருந்தது. இச் செய்தியாளரும் அதற்கு விலக்கல்ல.

1925-ல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டத்துக்கு மாற்றாக வந்தது இப் புதிய சட்டம். நூறாண்டுக்கு ஒருமுறை கிடைத்த வாய்ப்பு அது. அந்த வாய்ப்பு எப்படிக் கழிந்தது என்பதை அறிய, தில்லியைவிட மட்டாஞ்சேரியில் இருந்து பார்ப்பதே பொருத்தம்.

சாய்ந்தது எப்படி?

லைபீரியக் கொடி ஏந்திய 'எம்.எஸ்.சி. எல்சா 3' 1997-ல் கட்டப்பட்டது. 184 மீட்டர் நீளமுள்ள அக் கப்பல் 2025 மே 23-ம் தேதி விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டது. விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் முறைப்படி திறந்து வைத்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன.

மறுநாள் கொச்சிக்குத் தென்மேற்கே சுமார் 38 கடல்மைல் தொலைவில் கப்பல் ஒரு பக்கமாக 26 பாகை சாய்ந்தது. 24 மாலுமிகளில் 21 பேர் அன்றே மீட்கப்பட்டனர். கப்பலைக் காப்பாற்றும் நம்பிக்கையில் தங்கிய மூவரை மறுநாள் காலை கடற்படையின் சுஜாதா கப்பல் மீட்டது. சிறிது நேரத்தில் எல்சா மூழ்கியது. உயிரிழப்பு இல்லை என்பது பெரும் ஆறுதல்.

பெட்டகங்களில் 13-ல் ஆபத்தான சரக்கும், 12-ல் கால்சியம் கார்பைடும் இருந்ததாக அரசு அப்போது அறிவித்தது. கப்பலின் தொட்டிகளில் 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் இருந்தன. மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் தடையை மீறிப் பயன்படுத்தப்படும் அதே 'கார்பைடு கல்'தான் இது. தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் என்னும் எளிதில் தீப்பற்றும் வாயு வெளிவரும். அதனால்தான் பன்னாட்டு ஆபத்துச் சரக்கு விதித்தொகுப்பு இதனை 'நனைந்தால் ஆபத்து' என்ற வகையில் சேர்த்திருக்கிறது.

கரை ஒதுங்கியவற்றில் அதிகம் பேசப்பட்டது கார்பைடு அன்று. பிளாஸ்டிக் பொருள்கள் செய்யப் பயன்படும் வெண்ணிற மணிகள். அரிசியைவிடச் சற்றுப் பெரிய இவை திருவனந்தபுரம் கடற்கரையில் மூட்டை மூட்டையாக ஒதுங்கின. கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும், பின்னர் தனுஷ்கோடியிலும் அவை காணப்பட்டன. கேரள அரசு மே 29-ம் தேதி இதனை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கப்பல் ஏன் சாய்ந்தது? பல்லாஸ்ட் எனப்படும் நிலைப்படுத்து நீர்த் தொட்டிகளில் நேர்ந்த கோளாறையே முதற்கட்டத் தகவல்கள் சுட்டின. சட்டத்தின் கதை முழுவதும் இந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றியே நிற்கப் போவதால், அதனைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

நிறைகுடம் தளும்பாது

பெட்டகக் கப்பலில் எந்தப் பெட்டி எங்கே வைக்கப்படும் என்பது கப்பல் துறைமுகத்தை அடையும் முன்பே கணினியில் முடிவாகிவிடுகிறது. கனமானவை அடியிலும் இலேசானவை மேலேயும் செல்ல வேண்டும். முதலில் இறங்க வேண்டியது அடியில் சிக்கிக்கொள்ளக் கூடாது. குளிர்பதனப் பெட்டிக்கு மின் இணைப்பு வேண்டும். ஒன்றோடொன்று வினை புரியக்கூடிய ரசாயனங்கள் அருகருகே இருக்கக் கூடாது. தண்ணீருக்கு ஆகாதது தண்ணீர் புகும் இடத்தில் இருக்கக் கூடாது. பொதுவாக இத் திட்டத்தைச் சரிபார்த்து ஏற்கும் பொறுப்பு கப்பலின் தலைமை அதிகாரிக்கு உரியது. பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று பூட்டி, இரும்புத் தண்டுகளால் இழுத்துக் கட்டிய பின்னரே கப்பல் புறப்பட வேண்டும்.

இத்தனையும் ஒரு தகவலை நம்பியே நடக்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எடை எவ்வளவு என்று அனுப்புபவர் எழுதிக் கொடுக்கும் தாள்தான் அது. 2007-ல் இங்கிலாந்துக் கரையில் தரைதட்டிய 'எம்.எஸ்.சி. நாப்போலி' கப்பலிலிருந்து மீட்ட பெட்டிகளை எடை போட்டபோது, ஐந்தில் ஒரு பெட்டியின் உண்மையான எடை தாளில் இருந்ததிலிருந்து 3 டன்னுக்கும் மேல் வேறுபட்டது. இத்தகைய அனுபவங்களின் விளைவாக, சரிபார்க்கப்பட்ட எடைச் சான்று இல்லாமல் பெட்டியை ஏற்றக் கூடாது என்ற பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இனி பல்லாஸ்ட். மேலே சரக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் கப்பல் நிமிர்ந்து நிற்க, அடியிலும் பக்கங்களிலும் உள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பவும் வெளியேற்றவும் வேண்டும். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே அப்படியே பொருந்தும். தொட்டி நிறைந்திருந்தால் நீர் அசையாது. அரைகுறையாக இருந்தால், கப்பல் சாயும் பக்கத்துக்கே நீரும் ஓடி, சாய்வை மேலும் கூட்டும். ஆகவே சரக்கை அடுக்குவதும் தொட்டி நீரைக் கணக்கிடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். கப்பலில் இவற்றைப் பிரிக்க முடியாது. சட்டம் பிரிக்கிறது.

மட்டாஞ்சேரியின் நினைவு

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகள் சில இன்று கலைக்கூடங்களாகவும் பழம்பொருள் கடைகளாகவும் மாறியுள்ளன. ஒரு காலத்தில் இவற்றின் பின்வாசல் நேராகக் காயலில் திறந்தது. முகத்துவார மணல்திட்டைத் தாண்டிக் கப்பல்கள் உள்ளே வர இயலாததால், மூட்டைகள் வள்ளத்தில் ஏறிப் புறக்கடல் சென்று அங்கே கப்பல் ஏறின. மழைக்காலக் கொந்தளிப்பில் அந்த வேலை நடக்காது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அத் திட்டை வெட்டித் திறந்த பின்னர், 1928 மே 26-ம் தேதி 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்குச் சரியாக 97 ஆண்டுகள் நிறைய ஒரு நாள் இருக்கையில் எல்சா மூழ்கியது.

சரக்கைப் பேணுதல் என்பது இவ்வூர்க்காரர்களுக்குப் புதிதன்று. வெப்பக் கடலிலிருந்து குளிர்நாட்டுக்குச் செல்லும் கப்பலின் இரும்புச் சுவர் வியர்க்கும். அந்த நீர் சொட்டினால் மிளகு பூஞ்சை பிடிக்கும். எனவே மூட்டைகளுக்கு அடியில் பலகையும் பாயும் இட வேண்டும். சுவரிலிருந்து இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். காற்றுப் போக்கு வேண்டும். தேயிலை பிற வாசனைகளை ஈர்க்கும் என்பதால் மிளகுக்கு அருகே அதனை வைக்கக் கூடாது.

ஆனால் அடுக்கிய கைகளுக்கு என்ன மதிப்பு இருந்தது? இங்கே 'சாப்பா' என்றொரு முறை நிலவியது. காலையில் கூடி நிற்கும் கூட்டத்துக்குள் மூப்பன் உலோக வில்லைகளை வீசி எறிவார். அடித்துப் பிடித்து வில்லையைக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை, மற்றவருக்குப் பட்டினி. அதனை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. அந்த நிகழ்ச்சிகளில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

2011-ல் வல்லார்பாடம் பெட்டக முனையம் திறக்கப்பட்ட பின்னர் கொச்சியின் பெட்டகச் சரக்கு அங்கே சென்றுவிட்டது. மூட்டை தூக்கியவருக்கு உள்ளே இருப்பது மிளகா இஞ்சியா என்று மணத்திலேயே தெரியும். பூட்டி முத்திரையிட்ட பெட்டியைத் தூக்கும் பாரந்தூக்கி இயக்குநருக்கு அது தெரிய வழியில்லை. எல்சாவில் என்ன சரக்கு இருந்தது என்ற பட்டியலை மக்கள் அறியச் செய்யவே கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. முன்னாள் எம்.பி. டி.என். பிரதாபன் தொடுத்த பொதுநல வழக்கு அதற்கு வழிவகுத்தது.

சட்டம் காக்கும் தவறு

புதிய சட்டத்தின் அட்டவணை, கப்பல் நிறுவனம் சரக்கை முறையாகவும் கவனத்துடனும் ஏற்றி, கையாண்டு, அடுக்கி, கொண்டு சென்று, பேணி, இறக்க வேண்டும் என்கிறது. பயணம் தொடங்கும் முன்பும் தொடங்கும்போதும் கப்பல் கடலுக்குத் தகுதியாக இருப்பதற்கு உரிய அக்கறை காட்ட வேண்டும் என்கிறது. அபாயச் சரக்கை அறிவிக்காமல் அனுப்பியவரே அதனால் விளையும் சேதத்துக்குப் பொறுப்பு என்கிறது. இதுவரை குறை கூற இடமில்லை.

அடுத்து வரும் விலக்குகளில் முதலாவதைக் கவனிக்க வேண்டும். கப்பலைச் செலுத்துவதிலோ 'கப்பலின் நிர்வாகத்திலோ' தலைவனும் மாலுமிகளும் செய்த தவறினால் சரக்கு அழிந்தால், கப்பல் நிறுவனம் பொறுப்பாகாது. ஊழியரின் கவனக்குறைவு முதலாளிக்குக் கேடயமாகும் விசித்திரம் இது. 1924-ல் பிரசல்ஸில் கப்பல் முதலாளிகளும் சரக்கு வணிகர்களும் செய்துகொண்ட சமரசத்தின் எச்சம். 1978-ல் ஐ.நா. ஆதரவில் உருவான ஹாம்பர்க் விதிகளும், 2008-ன் ராட்டர்டாம் விதிகளும் இவ் விலக்கைக் கைவிட்டன. அவ்விரண்டிலும் இந்தியா சேரவில்லை. 2025-ன் சட்டத்திலும் விலக்கு அப்படியே நீடிக்கிறது.

நீர்த் தொட்டியைத் தவறாகக் கையாண்டது சரக்கைப் பேணுவதில் குறையா, கப்பல் நிர்வாகத்தில் குறையா? முதலாவது என்றால் இழப்பீடு உண்டு. இரண்டாவது என்றால் விலக்கு. கப்பல் புறப்படும்போதே தொட்டி பழுதாக இருந்ததென்று நிரூபித்தால் விலக்கு பயன்படாது. நூறாண்டாக உலகெங்கும் வழக்கறிஞர்களுக்கு வாழ்வளிக்கும் கேள்வி இது. இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் சரக்குக்கே இச் சட்டம் பொருந்தும் என்றாலும், வெளிநாட்டில் ஏற்றிய சரக்கின் ஏற்றச் சீட்டுகளிலும் பெரும்பாலும் இதே பிரசல்ஸ் விதிகள்தாம் இருக்கும்.

முந்திரியும் மீனும்

சரக்கின் உரிமையாளருக்காவது சட்டத்தில் ஓர் இடம் உண்டு. கப்பலில் முந்திரிக் கொட்டை அனுப்பியிருந்த வணிகர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகியதும், 2025 ஜூன் 12-ம் தேதி அதே குழுமத்தின் 'மானசா எஃப்' கப்பலைச் சிறைப்பிடிக்க உத்தரவு பிறந்தது. சுமார் ரூ. 6 கோடிக்குப் பிணை வைத்த பின்னரே அது விடுவிக்கப்பட்டது.

கடலையே நம்பி வாழும் மீனவர், சரக்கு அனுப்பியவரும் அல்லர், ஏற்றியவரும் அல்லர். சரக்குப் போக்குவரத்துச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல்மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்ற தடை வந்தது. அடுத்து ஜூன் 9 நள்ளிரவு முதல் வழக்கமான 52 நாள் இழுவலைத் தடையும் வந்தது. மீனில் விஷம் என்ற வதந்தியால் சந்தையும் படுத்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாநில அரசு உடனடியாக அறிவித்தது ஆயிரம் ரூபாயும் 6 கிலோ அரிசியும்.

கேரள அரசு 2017-ம் ஆண்டின் கடல்சார் உரிமை வழக்குச் சட்டத்தின் கீழ் ரூ. 9,531 கோடி கேட்டு வழக்குத் தொடுத்தது. அதில் மாசுக்காகக் கேட்டது ரூ. 8,626 கோடி, மீனவர் இழப்புக்காகக் கேட்டது ரூ. 526 கோடி. விழிஞ்ஞத்தில் நின்ற 'அகிடெட்டா 2' கப்பலைச் சிறைப்பிடிக்க ஜூலையில் உத்தரவு வந்தது. செப்டம்பரில் நீதிமன்றம் பிணைத் தொகையை ரூ. 1,227.62 கோடியாக நிர்ணயித்தது. கேட்டதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

கடலுக்கு அப்பால் நமது அண்டை நாடும் இதே பாடுபட்டிருக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பற்றிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பலில் நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று முன்னதாகவே கசிந்துகொண்டிருந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹஜீராவும் அதனை இறக்கிக்கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அங்கும் கரை முழுவதும் பிளாஸ்டிக் மணிகள். 2025 ஜூலை 24-ம் தேதி இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதாவது, நமது மாநிலங்களவை குரல் வாக்கெடுப்பு நடத்துவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு.

இதற்கிடையே, எல்சா மூழ்கி இரண்டு வாரங்கள் கடந்திருந்த ஜூன் 9-ம் தேதி, கொழும்பிலிருந்து மும்பையின் நவசேவா துறைமுகத்துக்குச் சென்ற சிங்கப்பூர்க் கப்பல் 'வான் ஹாய் 503' கண்ணூர் மாவட்டம் அழீக்கல்லுக்கு அப்பால் வெடித்துத் தீப்பற்றியது. அதிலிருந்த 22 பேரில் நால்வர் காணாமற்போயினர்.

விதிகளை இனி மாற்ற வேண்டுமானால்? அட்டவணையை அறிவிக்கை மூலமே திருத்தும் அதிகாரத்தைப் புதிய சட்டம் மத்திய அரசுக்கு அளித்துள்ளது. இத்தகைய அதிகாரத்தை எதிர்ப்பது எதிர்க்கட்சிகளின் வழக்கம். அவ் வழக்கம் சரியானதே. ஆனால் கப்பல் நிர்வாகத் தவறுக்கான விலக்கை நீக்குவதற்கு இன்னொரு மசோதாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதும் அதே பிரிவின் பொருள்தான். கேரளத்திலும் தமிழகத்திலும் கடலோரத் தொகுதிகளிலிருந்து வந்த எம்.பி.க்கள் இதனைக் கேள்வி நேரத்திலேயே கேட்கலாம்.

மட்டாஞ்சேரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஃபோர்ட் கொச்சி கடலோரக் காவல் நிலையத்தில் 2025 ஜூன் 11-ம் தேதி எல்சா மீது முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. எதிரிகள்: கப்பலின் உரிமையாளர், தலைவன், மாலுமிகள். புகார் கொடுத்தவர் ஒரு மீனவர்.